குடிக்கூலி வீடுகளுக்கும் ஒரு முறை வேண்டும்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மாந்த வாழ்வின் முதற்றேவைகள். இவற்றுள் உண்டியை விற்பவன் உரிமம் பெற்றாக வேண்டும். அவன் கையாளும் எடைக்கல் முத்திரை பெற்றிருக்க வேண்டும். ஆட்களை ஏற்றிச் செல்லும் உந்து, தகுதிச் சான்றில்லாமற் சாலையில் ஓடுதல் கூடாது. அரைமணி நேரம் ஒருவனைச் சுமந்து செல்லும் வண்டிக்கு இத்துணைக் கட்டுப்பாடு! ஆனால், ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் தன் கூரையின்கீழ் வைத்திருக்கும் குடிக்கூலி வீட்டிற்கோ எந்தத் தகுதிச் சான்றும் இல்லை. சுவர் நிற்குமா, கூரை ஒழுகுமா, மின்கம்பி மழையில் நனைகிறதா, கழிவுநீர் எங்கே போகிறது, தீப்பற்றினால் வெளியேற வழியுண்டா என்று குடிபுகுமுன் பார்த்துச் சொல்வார் எவருமிலர். காசைக் கொடுத்துக் குடிபுகுந்தவன் தலையெழுத்து அது என்று நாடு விட்டுவிட்டது.

இக்குறை தமிழ்நாடெங்கும் உள்ளதே. எனினும், இதன் விளைவுகளையெல்லாம் ஒருங்கே காட்டும் இடம் பழனிமலைத் தொடரும் அதன் மேலமைந்த கோடைக்கானலும் ஆகும். ஒப்புதலில்லாக் கட்டடம், அதற்கு ஆட்சியாளர் காட்டிய சலுகை, முறைமன்றத் தீர்ப்பு, முத்திரையிட்ட கதவு, மீண்டும் ஒப்புதலில்லாக் கட்டடம் என முப்பதாண்டுகட்கு மேலாக அங்கு ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருக்கிறது. அவ்வட்டத்தின் நடுவிற் சிக்கி நசுங்குபவர் யார் என்பதே இங்கு எண்ணுதற்குரியது.

மலையும் வீடும்

கோடைமலை என்பது கழகக்கால நூல்களிலேயே இடம்பெற்ற பெயர். கடியநெடுவேட்டுவன் என்னும் தலைவன் ஆண்ட மலை அது. இன்றைய கோடைக்கானல் மலையே அஃதென்பது ஆராய்ந்தோர் பலர் துணிபு. மலையடியிலுள்ள பழனி அக்காலத்தில் பொதினி எனப் பெயர்பெற்று, ஆவியர் குடியினரின் ஊராய் விளங்கிற்று. அக்குடியில் தோன்றிய வையாவிக் கோப்பெரும்பேகனே, மயிலொன்று குளிரால் நடுங்குவதாகக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்தவன். உறையுளற்ற ஓர் உயிர் குளிரில் வாடுதல் தகாது என்னும் அருளுணர்ச்சி, இம்மலைக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது.

பளியரும் புலையரும் தொன்றுதொட்டு வாழ்ந்துவந்த இம்மலையின் உச்சியில், 1845ஆம் ஆண்டு அமெரிக்கச் சமயத்தொண்டர் இரண்டு வீடுகளைக் கட்டினர். சமவெளி வெயிலுக்கு அஞ்சிய வெள்ளையர்க்கு அவை கோடைத் தங்கலாயின. 1863இல் ஏரி அமைக்கப்பட்டது. அன்றுமுதல் கோடைக்கானலில் வீடு என்பது, அங்கேயே வாழ்பவனுக்கு உறையுளாகவும், வந்து போகிறவனுக்கு இன்பத் தங்கலாகவும் இருவேறு பொருள் பெற்றது. வந்துபோகிறவன் கைக்காசு மிகுதியாதலின், கட்டுவோர் கண் அவன்மீதே நிலைத்தது. வெள்ளையன் போன பின்னும் அந்நிலை மாறவில்லை. சமவெளியிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வருவோரின் தொகை பெருகப் பெருக, அது வளர்ந்தது.

ஏழு மாடியின் பாடம்

மலையில் மனம்போனபடி கட்டுதல் கூடாதென்று அரசுக்குத் தெரியாமலில்லை. 1990இலேயே மலையிடப் பாதுகாப்பு ஆணையம் என ஒன்று தமிழ்நாட்டில் அமைக்கப்பட்டது. 1993இல் கோடைக்கானலுக்கென முழுமைத் திட்டம் ஒப்பப்பட்டது. எந்தப் பகுதியில் எவ்வகைக் கட்டடம், எத்துணை உயரம் என்றெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டிருந்தது. வரையறுத்த மை காயுமுன் நிகழ்ந்ததுதான் ‘பிளசண்ட் சுடே’ விடுதியின் கதை.

ஒப்புதல் பெற்ற அளவுக்கு மேலே மாடியின்மேல் மாடியாக அடுக்கி, ஏழு மாடியாய் அவ்விடுதி எழுந்தது. இடிக்க வேண்டிய மாடிகட்கு 1994இல் அரசே விலக்களித்து ஆணை பிறப்பித்தது. 1985இல் தோன்றிய பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் வழக்குத் தொடுத்தது. 1995இல் சென்னை உயர்முறைமன்றம் அவ்விலக்காணையை நீக்கியது. அதே ஆண்டில் இந்திய உச்சமுறைமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. விலக்களித்த செயல் பின்னர்க் குற்றவழக்காகவும் ஆயிற்று. 2000 பிப்பிரவரி 2ஆம் நாள் தனிமுறைமன்றம், விலக்களித்த காலத்து முதலமைச்சர் செயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறை விதித்தது. 2001இல் உயர்முறைமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. ஆயினும், 2000இல் தீர்ப்பு வெளிவந்த அன்றே மூண்ட கலவரத்தில், தருமபுரியருகே வேளாண் பல்கலைக்கழக மாணவியர் சென்ற பேருந்து கொளுத்தப்பட்டு மூவர் கருகி மாண்டனர். மலையுச்சியில் அளவுக்கு மீறி எழுந்த மாடிகளின் நிழல், தகடூர்ச் சாலைவரை நீண்டு மூன்று இளம் உயிர்களை விழுங்கியது!

இத்துணைக்குப் பின்னேனும் நாடு திருந்தியதா? இல்லை. 1993ஆம் ஆண்டுத் திட்டம் இருபதாண்டுகட்கு மேலாகப் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. வீடு கட்ட ஒப்புதல் பெற்றவர் அதை விடுதியாக்கினர். இரண்டு தளத்திற்கு இசைவு பெற்றவர் நான்கு தளம் எழுப்பினர். எதற்கும் இசைவு பெறாதவரும் கட்டினர். 2018, 2019ஆம் ஆண்டுகளில் உயர்முறைமன்றத்தின் மதுரைக்கிளை கண்டித்து ஆணையிட்ட பிறகே, ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் ஒப்புதலின்றியோ ஒப்புதலை மீறியோ நிற்பன என்னும் கணக்கு வெளிவந்தது. நகராட்சியினர் ஓட்டமும் நடையுமாய்ப் போய் விடுதிகளின் கதவுகட்கு முத்திரையிட்டனர். ஆயிரம் கட்டடங்கள் ஓரிரவில் முளைப்பன அல்ல. ஒவ்வொரு செங்கல்லும் வளைந்து நெளிந்த மலைச்சாலையில் ஊர் பார்க்க ஏறி வந்தவைதாம். கல் ஏறும்போது காணாத கண்கள், கட்டி முடித்துப் பல்லாண்டு பணம் ஈட்டிய பின் முறைமன்றம் தட்டியெழுப்பித் திறந்தன. இது முறையான ஆய்வு ஆகுமா?

வண்டியை எண்ணுகிறார், கட்டிலை எண்ணுகிறாரிலர்

2024 மே 7ஆம் நாளிலிருந்து, உயர்முறைமன்ற ஆணைப்படி, கோடைக்கானலுக்கும் உதகைக்கும் செல்லும் வண்டிகள் இ-பாசு என்னும் மின்வழி இசைவுச்சீட்டுப் பெற வேண்டுமென்றாயிற்று. 2025 ஏப்பிரல் 1 முதல் அவ்வாண்டுக் கோடைப் பருவத்திற்கு, கோடைக்கானலுக்குக் கிழமை நாள்களில் 4,000 வண்டிகளும் கிழமையீற்று நாள்களில் 6,000 வண்டிகளும் மட்டுமே செல்லலாமென்று வரம்பு கட்டப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 36,500 மட்டுமே. ஒரு வண்டிக்கு நால்வரென்று கொண்டாலும், கிழமையீற்றின் ஒரே நாளில் 24,000 பேர் ஏறலாம் என்பது கணக்கு. ஊரின் பெரும்பகுதிக்கு நிகரான மற்றோர் ஊர் ஒவ்வொரு கிழமையும் மலையேறுகிறது எனலாம்.

இத்துணைப் பேரும் எங்கே படுக்கின்றனர்? வண்டிகளை எண்ணத் தெரிந்த அரசு கட்டில்களை எண்ணியதா? பெரிய விடுதிகளின் அறைகள் கணக்கிலிருக்கலாம். ஆனால், ‘ஓம்சுடே’ என்று ஆங்கிலத்தால் அழைக்கப்பெறும் வீட்டுத்தங்கல்களும், தோட்டங்களுக்கிடையில் எழும் சிறுகுடில்களும், பெயர்ப்பலகை மாட்டாமலே இரவுக்கூலிக்கு விடப்பெறும் தனிவீடுகளும் எத்துணை? நகராட்சி எல்லையைத் தாண்டினால் வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் என மேல்மலையிலும், பண்ணைக்காடு, தாண்டிக்குடி எனக் கீழ்மலையிலும் இவை பரவியுள்ளன. மலையடியிற் பழனியிலும் தைப்பூசம், பங்குனி உத்தரக் காலங்களில் குடியிருப்பு வீடுகளே இரவுத் தங்கல்களாகின்றன. வண்டிக்கு இசைவுச்சீட்டுக் கேட்கும் சாவடி, கட்டிலுக்குச் சீட்டு உண்டாவென்று கேட்கவில்லை.

கேளாமையின் விளைவு உயிர்க்கேடு. 2024ஆம் ஆண்டு கோடைக்கானலில் தங்கற் குடிலொன்றில் கரியடுப்பை அறைக்குள் வைத்து, கதவடைத்து உறங்கிய இருவர், புகையால் மூச்சடைத்து மாண்டனர். மூடிய அறையிற் கரி எரிந்தால் வெளிப்படும் நச்சுவளிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, உறங்குபவன் விழிப்பதேயில்லை. காற்றுப்புழை ஒன்றும், அறைக்குள் அடுப்பு மூட்டலாகாது என்று தமிழில் எழுதிய பலகை ஒன்றும் இத்தகைய சாவைத் தடுக்க வல்லவை. அவை உளவா என்று பார்ப்பதற்குப் பெயர்தான் ஆய்வு. குளிர்மலையில் இரவுக்கூலிக்கு அறை விடுவோர் அனைவரிடத்தும் முதலிற் பார்க்க வேண்டியதும் அதுவே.

மறக்கப்பட்ட குடிகள்

இதுவரை சொல்லப்பட்டன வந்துபோகிறவரைப் பற்றியவை. அவர்க்காவது முறைமன்றம் உண்டு, தாளிகைகள் உண்டு. விடுதிகளிற் படுக்கை விரிப்பவர், பாத்திரம் துலக்குபவர், ஏரிக்கரையில் குதிரை நடத்துபவர், சுமை தூக்குபவர், வண்டியோட்டுபவர், உருளைக்கிழங்கும் கேரட்டும் அகழ்பவர், கடைகளிற் பணியாற்றுபவர் ஆகியோர் எங்கே படுக்கின்றனர் என்று கேட்பார் உண்டா? இலங்கை மலையகத்திற் பிறந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் தாயகம் அனுப்பப்பட்டு, இம்மலையில் ஒதுங்கிய தமிழ்க் குடும்பங்களும் அவருள் அடங்குவர். அங்கே லயத்து வீட்டில் ஒரே அறைக்குள் வாழ்ந்தவர், இங்கே தகரக் கூரையின்கீழ் மற்றோர் ஒற்றையறையிற் குடிக்கூலி கொடுக்கின்றனர்.

இவர்க்கும் வந்துபோகிறவர்க்கும் இடையே காணப்படாத ஒரு போட்டி நடக்கிறது. ஒரு திங்கட் குடிக்கூலியை இரண்டு மூன்று இரவுகளிலேயே ஈட்டலாமெனில், வீட்டுக்காரன் யாருக்கு விடுவான்? குடியிருப்பவரை வெளியேற்றி, சுவருக்கு வண்ணம் பூசி, இரவுத் தங்கலாக்குவதே ஊதியமென்று எண்ணுவான். ஒப்புதலில்லாத் தங்கல் ஒவ்வொன்றும் மலைக்கு மட்டுமன்றி, உள்ளூர்க் குடியிருப்புக்கும் ஒரு களவு. எஞ்சிய வீடுகட்குக் கூலி ஏறும், தரம் இறங்கும். போக்கிடமற்றவன் ஒழுகும் கூரையையும் உயர்ந்த விலைக்கு ஏற்பான். ‘கூரையைச் செப்பனிட்டுத் தருக’ என்று அவன் கேட்டால், ‘வேறு வீடு பார்த்துக்கொள்’ என்பதே விடையாகும்.

சட்டம் இல்லையா எனில், உண்டு. 1960ஆம் ஆண்டுக் குடிக்கூலிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி, 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்பிரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், வீட்டுக்காரனுக்கும் குடியிருப்பவனுக்கும் இடையே எழுத்து வடிவில் ஒப்பந்தம் வேண்டுமென்கிறது. அதைத் தொண்ணூறு நாளுக்குள் குடிக்கூலி ஆணையரிடம் பதிய வேண்டுமென்கிறது. எந்தச் செப்பம் எவர் கடமை என்று பட்டியலும் தருகிறது. நன்று. ஆனால் அச்சட்டம் ஓலையைப் பார்க்கிறது, கூரையைப் பார்க்கவில்லை. ஒப்பந்தம் ஒழுங்காயிருந்தால், அவ்வொப்பந்தத்தாற் குடிபுகுந்த வீடு இடியும் நிலையிலிருப்பினும் பதிவு தடைப்படாது. எழுத்தறிவு குன்றிய கூலித் தொழிலாளி ஒப்பந்தமே காணாமல் வாய்ச்சொல்லால் குடியிருப்பவனாதலின், அவனுக்கு அவ்வோலையும் எட்டாது.

பழைய சட்டங்களின் உறக்கம்

வீட்டிற்குள் நுழைந்து பார்ப்பது சட்டத்துக்குப் புதிதன்று. 1867ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் சராய்ச் சட்டம் என்றொன்றை இயற்றினர். வழிப்போக்கர் தங்கும் இடங்களை மாவட்ட ஆட்சியரிடம் பதிந்துகொள்ளல், அறைகளையும் கிணறுகளையும் தூய்மையாகவும் செப்பமாகவும் வைத்தல், காவலர் அமர்த்தல், கூலிப் பட்டியலை ஆட்சியர் குறிக்கும் மொழிகளில் எழுதி மாட்டல் ஆகியவை அதிற் கடமைகளாக விதிக்கப்பட்டன. 1939ஆம் ஆண்டுச் சென்னை மாகாணப் பொதுநலவாழ்வுச் சட்டம், இந்தியாவிலேயே அவ்வகையில் முதலாவதாக வந்தது. தங்கல் வீடுகளைப் பற்றியும், அளவுக்கு மீறி ஆட்களை அடைக்கும் வீடுகளைப் பற்றியும் அதில் விதிகள் உண்டு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்க்கு வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கி, ஆய்வாளரையும் அமர்த்தியது. 1981இல் திருத்தப்பட்டபோது, அவ்வீடு இடிந்து தொழிலாளியோ அவன் குடும்பத்தாரோ இறந்தால் முதலாளி இழப்பீடு தரவேண்டுமென்றும் சேர்க்கப்பட்டது. வேண்டுமென்று கருதிய காலத்திலெல்லாம் சட்டம் கூரையை அண்ணாந்து பார்த்திருக்கிறது என்பதற்கு இவை சான்று. பார்க்க வேண்டிய ஆள்தான் உறங்குகிறான்.

அவன் உறங்கியதன் விலையைத் தமிழ்நாடு பலமுறை கொடுத்துள்ளது. 2001 ஆகத்து 6ஆம் நாள், இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், மனநலங் குன்றியோரைக் காசு பெற்றுத் தங்கவைத்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி வெந்து மாண்டனர். அத்தகைய தங்கல்கள் அங்கு ஊரறிய நடந்துவந்தன. மூடியது சாவுக்குப் பின்னர். 2024 செபுதம்பர் 12ஆம் நாள், மதுரையில் மகளிர் தங்கும் விடுதியொன்றில் குளிர்ப்பெட்டி வெடித்துத் தீப்பிடித்ததிற் பணிபுரியும் பெண்டிர் இருவர் மாண்டனர். அக்கட்டடம் இடிக்க வேண்டியதென்று மாநகராட்சி முன்னரே அறிவிப்புக் கொடுத்திருந்தது. அறிவிப்பு ஓலையாய்க் கிடந்தது. கட்டடத்திற் கூலி வாங்குவது நிற்கவில்லை. மழையிற் சரியும் சரிவுகளின்மேல் வீடுகள் நிற்கும் கோடைமலைக்கும் இவ்விரண்டும் முன்னறிவிப்புகளே.

மறுப்புகட்கு விடை

‘உரிமமென்றால் கையூட்டு, ஆய்வாளன் வந்தால் உறைதான் கைமாறும்’ என்பர் ஒருசாரார். மெய்தான். ஆனால், கையூட்டு மறைவிற் பிறப்பது. எந்த வீடு எந்நாளில் ஆய்வு செய்யப்பட்டது, என்ன குறை காணப்பட்டது, எந்நாளுக்குள் செப்பனிட வேண்டும் என்பன வீட்டு வாயிலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் தமிழில் ஒட்டப்பட்டால், பொய் எழுதியவன் ஊர்க்கண்ணுக்குத் தப்ப மாட்டான். ஒழுகும் கூரையின்கீழ் இருப்பவனே அப்பொய்யைப் படிப்பவனாயிருப்பான்.

‘ஒற்றை அறையைக் கூலிக்கு விட்டு உயிர்வாழும் கைம்பெண்ணுக்கு இது சுமையன்றோ?’ என்பர் வேறு சிலர். சுமை ஏற்றலாகாது. ஓர் அறை, ஈரறை விடுவோர்க்குப் பதிவுக் கட்டணம் ஏதுமின்றி, செப்பம் செய்யக் கூட்டுறவு வங்கி வழியே சிறு கடனும் தருதல் வேண்டும். நூறு கட்டில் உடையவனுக்கும் ஒரு கட்டில் உடையவளுக்கும் ஒரே கட்டணமென்பது முறையாகாது. ஆனால் காற்றுப்புழையும் உறுதியான கூரையும் இருவர்க்கும் ஒன்றே.

மூன்றாவது மறுப்பே வலியது. ஆய்வு குடியிருப்பவனையே ஒறுப்பதாய் முடியலாம். இசுக்காட்லாந்து நாட்டுக் கிளாசுகோ நகரில் 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின், சிறு வீடுகளின் கதவில் இத்துணைப் பேர்தாம் உறங்கலாமென்று தகட்டுச்சீட்டு அறையப்பட்டது. காவலர் நள்ளிரவிற் கதவைத் தட்டி, உறங்குவோரை எண்ணினர். மிகுதியாயிருந்த ஏழைகள் கூரைமேலும் பெட்டகத்துள்ளும் ஒளிந்தனர். பிடிபட்டவர் தண்டம் கட்டினர். வேறு வீடு தராமல் எண்ணிக்கை மட்டும் எடுத்த அம்முறை, ஏழையின் உறக்கத்தைக் கெடுத்ததன்றி உறையுளைத் திருத்தவில்லை. அதே நாட்டிற் பிற்காலத்தே, உறவினரல்லாப் பலர் கூடி வாழும் வீட்டிற்கு உரிமம் பெறுதல் வீட்டுக்காரனின் கடமையென்று 2000இல் கட்டாயமாக்கப்பட்டது. கடமையைக் குடியிருப்பவன் தலையிலிருந்து இறக்கி, கூலி வாங்குபவன் தலையில் ஏற்ற ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தமிழ்நாடு அவ்வழியை முதலிலிருந்து நடந்து வர வேண்டுவதில்லை. முடிந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.

பெரியவற்றை மட்டும் பார்த்தாற் போதுமா? அதற்குச் சிங்கப்பூர் விடை தருகிறது. அயல்நாட்டுத் தொழிலாளர் தங்கும் கூடங்கட்கு உரிமம் வேண்டுமென்று 2015இல் அந்நாடு சட்டம் செய்தது; ஆயிரம் கட்டிலும் அதற்கு மேலும் உள்ள கூடங்களை மட்டுமே அது கட்டுப்படுத்தியது. 2020இல் மகுடநச்சுக் காய்ச்சல் பரவியபோது, நெருக்கமாய் அடைக்கப்பட்ட அக்கூடங்களில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் உள்ளிட்டோர் ஏறத்தாழப் பாதிப்பேர் தொற்றுக்கு ஆளாயினர். 2023 ஏப்பிரலில், ஏழு கட்டில் உள்ள கூடமும் உரிமம் பெற வேண்டுமென்று வரம்பு இறக்கப்பட்டது. ஆயிரத்திலிருந்து ஏழுக்கு இறங்க ஒரு பெருநோய் வேண்டியிருந்தது. கோடைமலைக்கும் அத்தகைய ஆசிரியன் வரவேண்டுமா?

செய்யத்தக்கவை

முதலாவது, கூலிக்கு விடப்பெறும் வீடு ஒவ்வொன்றும், ஓரிரவுக்காயினும் ஓராண்டுக்காயினும், அவ்வூர் நகராட்சியிலோ ஊராட்சியிலோ பதியப்பட வேண்டும். சென்னையிலிருந்து வரும் ஆணையை நோக்கியிராமல், எந்தச் சரிவு எந்த மழையில் சரியும் என்றறிந்த உள்ளூராட்சியே இதை நடத்த வேண்டும். இரவுத் தங்கலுக்குத் தனிப் பதிவு. குடியிருப்புக்குத் தனிப் பதிவு. ஒன்றை மற்றொன்றாக்க விரும்புவோன் மீண்டும் ஒப்புதல் பெற வேண்டும். குடியிருப்புகள் ஓசையின்றித் தங்கல்களாய் மாறுவதை இஃதொன்றே தடுக்கும்.

இரண்டாவது, ஆய்வு ஆண்டுக்கு இருமுறை, நாள் குறித்து நடக்க வேண்டும்: கோடைக் கூட்டம் ஏறுமுன் ஒருமுறை, வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் ஒருமுறை. சரிவுச்சுவர், கூரை, காற்றுப்புழை, மின்கம்பி, குடிநீர், கழிவுக்குழி, வெளியேறும் வழி ஆகிய ஏழும் பார்க்கப்பட வேண்டும். முதலிற் பெரிய விடுதிகள். அவற்றோடு அவற்றின் பணியாளர் உறங்கும் இடங்கள். விருந்தினர் அறையைப் பார்த்துவிட்டுப் பணியாளர் கொட்டகையைப் பாராத ஆய்வு, ஆய்வன்று.

மூன்றாவது, குறையுள்ள வீடு எனத் தெரிந்ததும் குடியிருப்பவரைத் தெருவில் விடுதல் கூடாது. செப்பனிடும்வரை கூலி நிறுத்திவைக்கப்பட வேண்டும். இடிக்க வேண்டியதாயின், மாற்றிடம் தந்த பின்னரே கதவுக்கு முத்திரையிட வேண்டும். குறையைச் சொன்னவனை அக்கரணியம் பற்றி வெளியேற்றுதல் குற்றமாக்கப்பட வேண்டும்.

நான்காவது, விலக்காணைகள் ஒழிய வேண்டும். 1994இன் பாடம் அதுவே. ஒருவனுக்கு விலக்களித்தால், அளவுக்குட்பட்டுக் கட்டிய நூற்றுவர் ஏமாளிகளாகின்றனர்.

ஐந்தாவது, இவையனைத்தும் தமிழில் இருக்க வேண்டும். 1956ஆம் ஆண்டிலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. குடியிருப்பவன் ஒப்பமிடும் ஒப்பந்தம் அவனுக்கு விளங்காத ஆங்கிலத்தில் இருக்குமாயின், அவ்வொப்பம் அறிந்து இட்டதாகாது. இருட்டிற் கைநாட்டு இட்டதேயாகும். ஆய்வறிக்கை, உரிமப் பலகை, செப்பப் பட்டியல் ஆகிய யாவும் நல்ல எளிய தமிழில் அமைந்தால்தான், வீட்டில் வாழ்பவனே தன் வீட்டின் முதல் ஆய்வாளனாவான். மொழியுரிமை என்பது மேடையில் முழங்குதற்கு மட்டுமுரியதன்று. கூரையொழுகும் ஏழை, தன் உரிமையை எழுத்துக்கூட்டிப் படிக்க உதவுவதும் அதுவே.

இவற்றுள் ஒன்றுகூட வானத்தை வில்லாய் வளைக்கும் வேலையன்று. பதிவேடும், பலகையும், ஆண்டுக்கு இருமுறை மலையேறி இறங்கும் நேர்மையான கால்களும் போதும். வண்டிகட்கு வரம்பு கட்ட ஓராண்டு போதுமாயிற்றெனில், வீடுகட்குப் பதிவேடு திறக்க எத்துணை ஆண்டு வேண்டும்? கோடைக்கானல் நகராட்சியும் மலையூராட்சிகளும் இதைத் தாமே தீர்மானித்துத் தொடங்கலாம். அவை தொடங்குமாறு அங்குள்ள தமிழர் கேட்க வேண்டும். அடுத்த உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம் முதற் கேள்வியாக இதையே வைக்க வேண்டும்.

பேகன் மயிலிடம் உரிமம் கேட்கவில்லை. அது குளிர்கிறதென்று சொல்லவும் காத்திருக்கவில்லை. தானே பார்த்தான், தானே போர்த்தினான். அவன் மலையில், பிறர் படுக்கையை விரித்துவிட்டு இரவில் தகரக் கூரையின்கீழ் நடுங்கும் தமிழனை ஆட்சி இன்னும் பார்க்கவில்லை. பார்ப்பதே முதற்பணி.